மூலைமட்டம் சொன்ன பாடம்

சிவகாசியில் காலண்டர் தாள் அடுக்கும் மேசை ஆடினால் அடுக்கு சரியும். எண்ணிக்கைக் கூலிக்கு நிற்கும் அக்காமாருக்குத்தான் நஷ்டம். ஆகவே கால்கள் மட்டமாக இருந்தே தீர வேண்டும்.

ஆனால் 3 அங்குலக் கருவேலங்கால்! வண்டிச்சக்கரத்துக்குப் போன மரமாச்சே, கைவாள் லேசில் இறங்குமா? மெஷின் இல்லாத பட்டறையில் ஆசாரி சொன்னார்: "தம்பி, ஒரே பக்கமா அறுத்தா வாள் கோணிக்கிட்டுப் போகும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முகத்த நேரா இழை. அதுலயே மூலைமட்டத்த அணைச்சு நாலு பக்கமும் கோடு போடு. கோடு முட்டினாத்தான் அறுக்கணும்."

நாலு கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே அளவு குறித்தோம். மூலையில் தொடங்கி, கட்டையைத் திருப்பித் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தோம். முதலில் விழுந்த வெட்டே அடுத்ததற்கு வழிகாட்டியது. மேசை ஆடவில்லை. கருவி குறைவென்றால் கோடு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்!