ஏறுவதற்கு ஓர் இடம்

எங்கள் மாத்தளை மாவட்டத்தில், மனிதர் ஏறுவதற்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்டவற்றுள் பெயர்பெற்றது சீகிரியா. சூழவுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் பாறை அது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அதன் உச்சியில் மாளிகை எழுப்பினான். செங்கல்லும் சுதையும் கொண்டு சமைத்த மாபெரும் சிங்கத்தின் வாயினூடாக மேலே செல்லும் வழியை அமைத்தான். இன்று எஞ்சியிருப்பவை அதன் பாதங்கள் இரண்டு மட்டுமே. அதற்கு மேலே, பழைய படிக்கட்டைத் தாங்குவதற்காகப் பாறையில் வெட்டிய பொழிவுகள் வெறுமையாய்த் தெரிகின்றன. நாம் ஏறுவதோ அருகில் பொருத்திய இரும்புப் படியில்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயிலும் என் தங்கையின் மகனை அந்தச் சிங்க முற்றத்தில் உட்கார வைத்தேன். நகரச் சதுக்கமொன்றில் பல வகையிலும் பயன்படக்கூடிய ஏறுசட்டகம் ஒன்றை வரையும்படி அவனுக்குப் பாடம் கொடுத்திருந்தார்கள். அவன் மாத்தளையைத் தெரிந்தெடுத்திருந்தான். "மாமா, இது அரசன் கட்டியது. எனக்குப் பிள்ளைகள் ஏறுவதல்லவா வேண்டும்?" என்றான். முற்றத்தைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஏறுவோர் ஒரு பங்கு என்றால், ஏறாமல் அமர்ந்திருப்போர் இன்னொரு பங்கு. மூச்சு வாங்கும் பாட்டிகள், கைக்குழந்தையோடு தாய்மார், குளவி கலைந்தால் ஓடி ஒளிவதற்கென்று வைத்திருக்கும் கம்பிவலைக் கூண்டு. ஏறுமிடம் என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூட்டுக்கும் ஒரு கதை உண்டு. சார்ள்ஸ் ஹின்டன் என்ற கணித அறிஞர் ஜப்பானில் வாழ்ந்தபோது, தம் பிள்ளைகளுக்கு வெளியின் பரிமாணங்களைக் கற்பிக்க மூங்கிலால் சட்டகம் கட்டினார். பிள்ளைகள் கணிதத்தை விட்டுவிட்டுக் குரங்குகளைப் போல் தாவினார்கள். அந்த நினைவைக் கொண்டு அவர் மகன் செபஸ்தியன் 1920 இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் அல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் போரினால் பாழ்பட்ட வெற்றிடங்களிலும் தெருமுனைகளிலும் எழுநூறுக்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். அவருடைய வளைந்த கம்பிகளுக்கு வேலியில்லை, வண்ண விலங்கு உருவமுமில்லை. காலையில் பிள்ளை தொங்கும்; மாலையில் பெரியவர்கள் சாய்ந்து நின்று பேசுவார்கள். பலவகைப் பயன் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுவே.

மருமகனின் முதல் வரைபடத்தில் ஒற்றை உயரத் தூண் ஒன்று, நுனியில் மணி. எனக்கு அது ஒவ்வவில்லை. அதில் பதின்மூன்று வயதுப் பையன்கள் மட்டுமே ஏறுவார்கள். அவர்களின் தங்கைமார் கீழே நின்று செருப்பைக் காப்பார்கள். நம் ஊரில் பெண்பிள்ளை பெரியவளானதும் மரமேறுவது நின்றுவிடுகிறது. ஏறுவது என்று பெயர் சொல்லாமல், அகன்ற படிகளாக, அமரலாம், நிற்கலாம், வேண்டுமானால் இன்னும் மேலே போகலாம் என்று வைத்தால் அவளும் வருவாள். சனிக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துத் தாய்மார் பேருந்துக்காகக் காத்திருக்கவும் அது உதவும். லயன் அறையின் முன்வாசலே விளையாட்டிடமாய் வாய்த்த பிள்ளைகள் அவர்களுடையவர்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் காடு கடந்து நடந்த வழியை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் முடிவுற்ற ஊர் இது. நடந்து வந்தவர்கள் உட்காருவதற்கு இடமில்லாத சதுக்கம் இந்த ஊருக்குப் பொருந்தாது.

மற்றவை கைத்தொழில் நுணுக்கம். ஐரோப்பிய நியமப்படி விழக்கூடிய உயரம் 3 மீற்றரைத் தாண்டலாகாது. கம்பிகளுக்கிடையே 9 சென்ரிமீற்றருக்கும் 23 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட இடைவெளி ஆபத்து: உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். எங்கள் வெயிலுக்கு இரும்பு கை சுடும். கைபடும் இடங்களில் மரமோ கயிறோ சுற்ற வேண்டும், அல்லது நிழல்மரத்தின் கீழ் அமைக்க வேண்டும். கீழே கொட்டும் மணல் மழையில் இறுகிவிடும். கிளறிவிட ஆள் வேண்டும். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் காணாத ஒன்றையும் சொன்னேன்: குழாய்களின் வாய்களை அடைத்துவிடு, பழைய ரயர்களைத் தொங்கவிடாதே. நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு.

இரண்டாம் வரைபடம் நன்றாக வந்திருக்கிறது. முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடிக் கோபுரத்தோடு போட்டியிடாமல், மூன்று மீற்றருக்குள் பரந்து கிடக்கிறது. நடுத்தட்டு கூட்டங்களுக்கு மேடையாகவும் ஆகும். மணித்தூணை அவன் முற்றாகக் கைவிடவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு வழுக்குமரம் நட ஒரு குழி வைத்திருக்கிறான். அது தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வழுக்கி விழும் விளையாட்டல்லவா! மற்ற மாதங்களில் குழிக்கு இரும்பு மூடியும் பூட்டும். திறப்பு மாநகர சபையில் இருக்கும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறான்.