இரண்டரை நூல், ஃபைன் மரை

சென்னைக்கு வடக்கே குடியிருப்பவர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்துப் போட்டிருந்தால் அவருக்கு ஒரு வசதி உண்டு. கார் பிறந்தது தெற்கே, வண்டலூர்ப் பக்கம். 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அங்கே அதைச் செய்தது. ஆலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காருக்கு எந்த மரை பொருந்தும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய கைகள் பாடி, அம்பத்தூர், திருவொற்றியூர், எண்ணூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று வடக்கில்தான் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

ஹெரால்டு போல்ட்டை நம்பியே பிறந்த வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் அது ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தபோது, மற்ற கம்பெனிகள் காரின் கூட்டையும் சட்டத்தையும் ஒன்றாகவே வெல்டு அடிக்கத் தொடங்கியிருந்தன. ட்ரையம்ஃபுக்குச் சொந்தக்காரரான இங்கிலாந்து ஸ்டாண்டர்டுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டி கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. போட்டிக்காரனிடம் போய் நிற்க முடியுமா? ஆகவே இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைந்த உடலைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். பானெட், கூரை, பின்பகுதி எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். அதனால்தான் ஹெரால்டைப் பிரித்தவர் வீட்டில் காலி பெயின்ட் டப்பா ஒன்றுகூட மிஞ்சாது. எல்லாவற்றிலும் துருப்பிடித்த போல்ட்.

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் ஒரு கடையில் கேட்டேன். "ரெண்டரை நூல், ஃபைன் மரை, ஹாஃப் திரெட், ஒண்ணே முக்கால் இன்ச் நீளம் வேணும்ணே."

"எட்டு எம்எம் போடுங்க சார். ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றல்ல என்பதுதான் இந்த வேலையின் தலைவலி முழுவதும். ஒரு நூல் என்பது கால் அங்குலத்தில் பாதி. இரண்டரை நூல் என்றால் 7.94 மில்லிமீட்டர்; எட்டு எம்எம்முக்கு மயிரிழைதான் குறைவு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. 13 எம்எம் ஸ்பேனர்கூட அதன் அரை அங்குலத் தலையில் கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்துகொள்ளும். மரைதான் காட்டிக்கொடுக்கும். ஹெரால்டின் ஃபைன் மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 புரி. சாதாரண எட்டு எம்எம்மில் 20-க்குச் சற்று மேல். நட்டு இரண்டு மூன்று சுற்று ஆசையாக ஏறும், பிறகு இறுகும். 'டைட்டா இருக்கு, நல்லதுதான்' என்று நீளமான ஸ்பேனரைப் போட்டு ஒருவர் இழுப்பார். மரை நசுங்கி, அடுத்து வருகிறவனுக்குப் பெரிய துளை போட்டு டேப் அடிக்கிற வேலை வரும். என் வண்டியில் அப்படி இழுக்கப்பட்ட இடங்களைப் பார்த்தால், முன்பு கைவைத்த மெக்கானிக்குகள் எல்லாரும் நல்ல பலசாலிகள் என்று தெரிகிறது.

இந்த மரைக்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. ஜோசப் விட்வொர்த் 1841-ல் 55 டிகிரி கோணத்தில் பிரிட்டனுக்கு ஒரு மரை வகுத்தார். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்றவர்களின் எந்திரங்களில் ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடி ஒரே மரைக்குக் கையெழுத்திட்டன. ஹெரால்டில் இருப்பது அந்த ஒப்பந்தத்து மரை. நம் ஊர்க் கடையில் யுஎன்எஃப் என்பார்கள். புரி அகலமான அதன் அண்ணன் யுஎன்சி.

நம் வடக்குப் பகுதிக்கு எந்த நாட்டுக் கூட்டாளி வந்தாரோ, அவர் தன் மரையையும் கூடவே கொண்டுவந்தார். திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. அதில் பழைய பிரிட்டிஷ் மரையும் அங்குலத்துக்கு 26 புரி உள்ள சைக்கிள் மரையும் கலந்து கிடக்கும். வயதான புல்லட் மெக்கானிக்கிடம் அந்த டேப் செட் இன்னும் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கும். கடன் கேட்டால் முகம் மாறிவிடும். எண்ணூரில் லேலண்டு. திருவள்ளூரில் 1971-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மண்வாரி எந்திரங்கள் செய்யத் தொடங்கியது, பிறகு அது கேட்டர்பில்லர் கைக்குப் போயிற்று. அந்தப் பெரிய மஞ்சள் எந்திரங்களில் நெடுங்காலம் அமெரிக்க அங்குல மரைதான். அதனால் திருவள்ளூரில் ஜேசிபி, டோசர் உதிரிபாகம் விற்கிற கடையில் அங்குல போல்ட் என்றால் யாரும் விழிப்பதில்லை. தலையில் ஆறு கோடு போட்ட கிரேடு 8 சரக்கை எடுத்து நீட்டுவார்கள். கெட்டி போல்ட்தான், ஆனால் பெரும்பாலும் கோர்ஸ் மரை. ஹெரால்டு சேஸிஸுக்கு ஆகாது.

ஒரே வண்டிக்குள் இரண்டு நாடு இருப்பதும் உண்டு. இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடரில் கூடு அங்குலம், எஞ்சின் எம்எம். அதைவிட வேடிக்கை பழைய எம்ஜி டிசி கார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸின் ஹாட்ச்கிஸ் ஆயுதக் கம்பெனி கவென்ட்ரியில் ஒரு பட்டறை போட்டது. அதை 1923-ல் எம்ஜிக்கும் முதலாளியான மோரிஸ் வாங்கினார். பிரெஞ்சு எந்திரங்கள் எம்எம் மரைதான் வெட்டும், பிரிட்டிஷ் தொழிலாளி கையிலோ விட்வொர்த் ஸ்பேனர்தான் இருக்கும். ஆகவே உடம்பு எம்எம், தலை விட்வொர்த் என்று போல்ட் செய்தார்கள். அந்த வழக்கம் டிசி எஞ்சின் வரை வந்தது. ஸ்பேனரை வைத்து மரையை ஊகிக்கிறவர் அங்கே தொலைந்தார்.

மரை சரியானால் அளவு முடிந்தது, தரம் முடியவில்லை. சஸ்பென்ஷனில் வரும் போல்ட்டுக்கு மரையில்லாத மொழுமொழுப்பான கழுத்து வேண்டும். பாரம் அந்தக் கழுத்தில்தான் உட்காரும். இன்று சுலபமாகக் கிடைப்பது தலைவரை மரை ஓடிய ஃபுல் திரெட். நான் செய்வது, நீளமான ஹாஃப் திரெட் வாங்கி, கழுத்து நீளம் பொருந்துகிற அளவுக்கு நுனியை அறுத்துக்கொள்வது. பாடியில் 1966-ல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸின் டிவிஎஸ் எழுத்து தலையில் இருந்தால் மறுபேச்சில்லாமல் எடுப்பேன். தலை வழவழவென்று எழுத்தே இல்லாமல் இருந்தால், நம்பர் பிளேட்டுக்கு மட்டும்.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போடுகிற ஆசை எல்லாருக்கும் வருகிறது. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ்ஸின் வலிமை 700 மெகாபாஸ்கல், சாதாரண 8.8 எஃகு 800. போதாக்குறைக்கு ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கழற்றவே வராது. ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் அது கூடவே கூடாது. அம்பத்தூர் பிளேட்டிங் பட்டறையில் ஜிங்க் போடலாம். ஆனால் ஹைடென்சில் போல்ட் என்றால் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடித்துவிடும்.

ஹெரால்டில் ஒரு மரை சக்கரத்தையே தாங்குகிறது. முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு கீழே மரையாகி வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் சுழலும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. இதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்து கட்டியாகி, தண்ணீர் புகுந்து, தண்டு துருப்பிடித்து, திருப்பத்தில் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஹெரால்டு வாங்கப்போகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து இதைப் பார்க்கட்டும்.

2021-ல் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டியை 'விஏ' எண்ணில் வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேஸிஸும் கூடும் எஞ்சினும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. போல்ட்டைப் பற்றி அரசாங்கம் எதுவும் கேட்கவில்லை. அந்த வகையில் நல்லது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி ஆலைகளும் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குத் தீனி பழைய இரும்பு, அதில் கப்பலேறி வந்ததும் உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் என் பைத்தியத்துக்குப் பழகிவிட்டார். போல்ட் குவியல் வந்தால் ஒதுக்கி வைப்பார். பாரிமுனையில் எண்ணி விற்கிற சாமான் அங்கே கிலோ கணக்கு. புரி அளக்கும் பிட்ச் கேஜை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் இருபத்துநாலு புரி அகப்படும். எத்தனை ஆண்டு எதைத் தாங்கியது என்று தெரியாத போல்ட்டைச் சஸ்பென்ஷனில் நான் போடுவதில்லை. மட்கார்டுக்கும் பிராக்கெட்டுக்கும் போகும். லேத்காரருக்கு மாதிரி காட்டவும் ஆகும். மற்றவை அடுத்த லோடில் உலைக்குப் போய் டிஎம்டி கம்பியாகிவிடும்.

எனக்கு இப்போது பாக்கி இருப்பது லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் குட்டித் திருகுகள். அது பிஏ மரை, 47.5 டிகிரி, எதோடும் சேராது. பாடி லூகாஸ் ஸ்டாப் பக்கம் விசாரித்தாயிற்று. பழைய வால்வு ரேடியோவும் மீட்டரும் அதே திருகில்தான் நின்றன என்பதால், இனி தேடல் கார்க்காரர்களிடம் இல்லை, ரேடியோ ரிப்பேர்க்காரர்களிடம்.