காலாப்பட்டில் இந்த வாரம்

காலையில் உடற்பயிற்சி, குரல் வகுப்பு. மதியம் நாடக வரலாறு. சாயங்காலம் இருட்டும்வரை ஒத்திகை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை படிக்கிற எங்களுக்கு வாரம் இப்படித்தான் ஓடியது.

ஒத்திகைக்கு எடுத்திருப்பது இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம். எங்கள் துறைக்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். பாத்திரத் தேர்வில் எல்லோரையும் எல்லா வேடங்களையும் வாசிக்க வைத்தார்கள். நந்தனை ஒடுக்குகிறவர்களின் வசனம் வந்தபோது என் குரல் தானாகவே நிமிர்ந்தது. அதிகாரத்தின் பேச்சு இத்தனை சுலபமாக நாக்கில் ஏறும் என்று நினைத்ததே இல்லை, பயமாக இருந்தது. நந்தனைப் பேசும்போது மூச்சே பிடிபடவில்லை. எனக்குக் கிடைத்திருப்பது கூட்டத்தில் ஓர் இடம். அதை விரும்பியே செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பம் போனோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில்தான் காலமானார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. எங்கள் துறை முதலில் அவர் பெயரைத்தான் தாங்கி நின்றது. 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர் அவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்ட பிள்ளைகள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிய தொண்டைகள்! அந்தப் பயிற்சி எங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். குரல் வகுப்பில் சுவாமிகளின் 'பவளக்கொடி' பாட்டுகளைச் சொல்லித்தரும்படி திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்கப்போகிறேன்.