"உசுரோட இருக்காங்கல்ல?"

2023 செப்டம்பர் 14, மாலை. விசாகப்பட்டினத்திலிருந்து வந்த லியர்ஜெட் 45 ரக குட்டி விமானம், மும்பையில் கொட்டும் மழையில் இறங்கும்போது ஓடுதளத்தை விட்டு விலகி நொறுங்கியது. பயணிகள் 6 பேர், விமானிகள் 2 பேர். எங்கள் டெஸ்க்கில் எழுந்த முதல் கேள்வி, "எத்தனை பேர் பலி?"

யாரும் சாகவில்லை. 'பெரிய நியூஸ் இல்லை' என்று ஒரு நொடி எனக்கு ஏமாற்றம்கூட வந்தது.

இரவு அவிநாசிக்கு போன் போட்டேன். அப்பா லாரி டிரைவர்.

"மழையில வண்டி எப்படிப்பா கைமீறுது?"

"டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி பூந்துட்டா டயர் மிதக்கும் கண்ணு. அப்புறம் ஸ்டீயரிங் பேச்சு கேக்காது."

விமானத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. தண்ணீர் வடியத்தான் ஓடுதளத்தில் குறுக்கே கோடு கோடாகக் காடி வெட்டுகிறார்கள். அன்று மும்பையில் பார்வைத் தூரம் 700 மீட்டர்தான்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "எல்லாரும் உசுரோட இருக்காங்கல்ல?"

2020 பிப்ரவரி 20 விடிகாலை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று தறிகெட்டு மீடியனைத் தாண்டி, கேரள அரசு பஸ் மீது மோதியது. 19 பேர் போனார்கள். அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை.

இப்போது விபத்துச் செய்தி வந்தால், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.