பொட்டி மாறலாம், பாட்டு போயிடக்கூடாது

ராசிபுரத்துல என்கிட்ட விண்டோஸ் பொட்டி, நாமக்கல் பங்காளிகிட்ட மேக், சேலத்துல படிக்கிற மச்சினன்கிட்ட லினக்ஸ். மூணு பேரும் சேர்ந்து, அப்பிச்சி உடுக்கையடிச்சுப் பாடின அண்ணன்மார் கதை ஒலிப்பதிவை ஒழுங்கு பண்ணிட்டு இருக்கோம். அப்பிச்சி இப்போ இல்லைங்க. மறுபடி பாடச் சொல்ல முடியாது. அதனால ஒரு ஃபைல் திறக்கலைன்னாலும் வயித்துல புளியைக் கரைக்குது.

லாஜிக் ஒரு காலத்துல விண்டோஸ்லயும் ஓடுச்சு. 2002ல எமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கினதும் அதுக்கு மங்களம் பாடிட்டாங்க. பங்காளி லாஜிக்ல சேமிச்சா எங்க ரெண்டு பொட்டியும் கைய விரிச்சிடும். அதான் எல்லாரும் ரீப்பருக்கு வந்துட்டோம். வின்ஆம்ப் எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கலோட கைவண்ணம். மூணு சிஸ்டத்துலயும் ஓடும்.

ஆனா ப்ளகின்? 1996ல ஸ்டைன்பெர்க் கொண்டாந்த விஎஸ்டி, பேர் என்னவோ ஒண்ணுதான். விண்டோஸுக்குக் கட்டினது மேக்ல ஏறாது. ஆப்பிளோட ஏயூ மேக் பக்கத்தை விட்டு வெளிய வராது. லினக்ஸ்ல வைன், யாபிரிட்ஜ்னு பாலம் போட்டு விண்டோஸ் ப்ளகினை ஓட்டலாம், மச்சினன் ஓட்டுறான். லைசென்ஸ் பூட்டு போட்டது மட்டும் சமயத்துல முரண்டு பிடிக்கும்.

எங்க ஏற்பாடு இதுதான்: ரீப்பரோடயே வர்ற ப்ளகின் மட்டும். முடிஞ்ச ஒவ்வொரு டிராக்கும் முதல் நொடியில இருந்து வேவ் ஃபைலா இறங்கிடணும். எஃபெக்ட் போடாத அசல் குரல் தனியா. எந்த மென்பொருள் செத்தாலும் வேவ் பாடும்.

உங்க வீட்லயும் அப்பாரு, அம்மாயி குரல் ஏதாச்சும் பழைய ப்ராஜெக்ட்ல தூங்குதா? பொட்டி நல்லா இருக்கும்போதே இறக்கி, ரெண்டு இடத்துல வைங்க சாமிகளா.