கண் பழக வேண்டும்

சதுரங்கம் பெருமூளைக்காரர்களின் ஆட்டம் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. விடுதியில் பலகையை விரித்தால், "அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், அண்ணா" என்று ஒதுங்கிக்கொள்ளும் முதலாண்டுத் தம்பிகளைக் காண்கிறேன். 2000-இல் உலக வீரரான ஆனந்தின் ஊரா, 2024-இல் வென்ற குகேஷின் ஊரா என்று வடநாட்டு நண்பர்கள் ஆவலோடு கேட்பதும் அவர்களுடைய கூச்சத்தை வளர்க்கிறது. அந்தத் தம்பிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இரு அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றை ஐந்து வினாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை உரிய இடத்தில் வைத்துவிட்டார். புதியவரால் நாலைந்தே முடிந்தது. பிறகு காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை மறைந்தே போயிற்று! பிறவி நினைவாற்றல் என்றால் அங்கேயும் கைகொடுத்திருக்க வேண்டும் அல்லவா? நாம் எழுத்துக் கூட்டாமல் சொல்லைப் படிப்பதுபோல, பழகிய அமைப்புகளை அவர் படித்திருக்கிறார்.

எழுத்தைப் பயின்றவர் இதையும் பயிலலாம் அன்றோ? சென்ற பருவத்தில் இரவு உணவுக்குப் பின் நாளுக்கு இருபது புதிர்கள் போட்டேன். ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் தாக்கும் குதிரை, தன் சிப்பாய்களே மதிலாகி அடைக்க, கடைசி வரிசையில் யானையிடம் சிக்கும் ராஜா, இப்படி இருநூறு. முடிந்ததும் அதே இருநூறை மறுபடியும் தொடங்கினேன். முதற்சுற்றுக்குப் பத்து நாள். மூன்றாம் சுற்றுக்கு மூன்றே நாள். இந்த வழி என் கற்பனை அன்று. சுவீடன் நாட்டு டிக்கனென் இப்படிச் சுற்றிச் சுற்றிப் பயின்று, 2010-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குரிய மூன்று தகுதிகளையும் ஏழு வாரங்களுக்குள் பெற்றார்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிர் என்றாலே விடை உண்டென்று நமக்குத் தெரியும். ஆட்டத்தில் அப்படி யாரும் மணியடித்துச் சொல்வதில்லை. ஆகவே எதிரி ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும், காவலற்ற காய் எது, மூச்சு முட்டும் ராஜா எவர் என்று நாமே கேட்டுப் பழகவேண்டும். மற்றொன்று, பழக்கமே கண்ணை மறைக்கவும் கூடும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து நகர்த்தலில் முடியும் பழகிய வழியைக் கண்ட நல்ல ஆட்டக்காரர்கள் பலர், மூன்றில் முடியும் வழியைக் காணாது விட்டனர். நல்ல வழி கிடைத்ததும் ஒருமுறை நின்று, இன்னும் நல்லது உண்டா என்று தேடுவது இதற்கு மருந்து.

விடுதிகளுக்கிடையே நடந்த போட்டியில் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றேன். பெருமைக்குரிய கணக்கு அன்று. ஆனால் முந்தைய ஆண்டு ஒன்றுகூட இல்லை. என் மூளை ஓராண்டில் மாறிவிடவில்லை. கண் பழகியது, அவ்வளவே.

தம்பிகளே, சனிக்கிழமை மாலை சங்க அறையில் பலகை விரித்திருக்கும். வெள்ளைக் காய்கள் உங்களுக்கே.