அம்மாவின் கணுக்காலும் ஒரு சி.டி. ஸ்கேனும்



பி.காம். படிக்கிறவனுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீங்க. இரண்டு மாதம் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மாவுக்கு வலது கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரேயில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு உடைந்திருப்பது எனக்கே தெரிந்தது. பின்பக்கம் ஏதோ மெல்லிய கோடு. டாக்டர் அதைக் காட்டி, "ஒரு சி.டி. எடுத்துடலாம்" என்றார்.

எனக்கு எரிச்சல். "அதான் உடைஞ்சது தெரியுதே சார், இன்னும் எதுக்குச் செலவு?" என்று கேட்டேவிட்டேன். அம்மாவும், "வேண்டாம்ப்பா, மாவுக்கட்டு போட்டா சரியாயிடும்" என்றார். அவர் தையல் மெஷின் மிதித்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். ஒவ்வொரு ரூபாயும் கணக்கு.

டாக்டர் கோபப்படவில்லை. "எக்ஸ்ரே நிழல் மாதிரி தம்பி. முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் ஒண்ணுமேல ஒண்ணா விழும். சி.டி. ரொட்டியை ஸ்லைஸ் போடற மாதிரி எலும்பைக் காட்டும். அதைப் பார்த்தா என் முடிவு மாறலாம். மாறாதுன்னா கேக்கவே மாட்டேன்."

முடிவை மாற்றக்கூடிய தகவலுக்குத்தான் மதிப்பு என்று நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன்! வாயை மூடிக்கொண்டு பணம் கட்டினேன்.

அந்தக் கோடு கோடே இல்லை. கீழ்க்காலின் பெரிய எலும்பில், மூட்டுக்குள் வரும் பின் ஓரம் பெரிய துண்டாக உடைந்து விலகியிருந்தது. உடம்பின் எடை இறங்கும் இடம் அது. படிக்கட்டு மாதிரி மேடுபள்ளமாகச் சேர்ந்தால் நாளடைவில் மூட்டு தேய்ந்துவிடுமாம். வெளிப்பக்கம் மட்டும் பிளேட் வைப்பதாக இருந்தவர், அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கமாகத் திறந்து அந்தத் துண்டையும் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினார்.

பிறகு தேடிப் படித்தேன். இந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, பாட்டு ரெகார்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர்! 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளையை ஸ்கேன் செய்தார்கள். 1979-ல் கார்மாக்குடன் சேர்த்து நோபல் பரிசு.

எல்லாக் கணுக்கால் முறிவுக்கும் சி.டி. தேவையில்லை. சாதாரண முறிவுக்கு எக்ஸ்ரேயே போதும். அதனால் உங்க வீட்டில் யாருக்காவது எழுதிக்கொடுத்தால் என்னை மாதிரி சண்டைக்குப் போகாதீங்க, பயந்து தலையாட்டவும் வேண்டாம். "இதைப் பார்த்தா உங்க முடிவு மாறுமா டாக்டர்?" என்று மட்டும் கேளுங்க.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மெஷின் இன்னும் மூடித்தான் இருக்கிறது. நேற்று அதன்மேல் இருந்த தூசியை மட்டும் துடைத்து வைத்தார்.